பாட்டு நின்ற பிறகு

தை 1, ஞாயிறு

விடியும்போதே நல்ல குளிர். பம்பாயில் இந்தக் குளிர் வருஷத்துக்குப் பத்து நாள் வந்தால் அதிசயம். தெருவெல்லாம் புகை மாதிரிப் பனி, அதோடு தோல் கிடங்கு நாற்றம். தாராவிக்கு வந்து பதினொரு வருஷம் ஆகியும் இந்த நாற்றம் மட்டும் பழகவில்லை. குனிந்து கோலம் போட்டு நிமிர்ந்தால் இடுப்பு பிடித்துக்கொண்டது.

இது புது நோட்டு. அண்ணாச்சி கடையில் கேட்டு வாங்கினது. பழைய நோட்டை எடுத்துப் பார்த்தால் யாரைப் பற்றி எழுதினேன் என்று எனக்கே புரியவில்லை. அதனால் முதலிலேயே எழுதிவைக்கிறேன்:

சு. = சுப்பையா, என் தம்பி மகன். வயது 24. மில்லில் வேலை. தம்பியும் அவன் பெண்டாட்டியும் ஊரில். பையனுக்குச் சோறு பொங்கிப் போட நான் இங்கே. (பேரை முழுக்க எழுத மாட்டேன். யுத்தகாலம், மை கிடைக்கவில்லை.)

பேச்சி = அடுத்த சால். (வரிசையாக ஒற்றை அறைகள் உள்ள கட்டடத்துக்கு இங்கே சால் என்று பேர்.) என்னைப் போலப் புருஷன் இல்லாதவள். ரெண்டு பேரும் சேர்ந்து அப்பளம் இடுவோம்.

இசக்கி = பேச்சியின் ஒரே பிள்ளை. தோல் கிடங்கில் வேலை. சு.வுக்கு உயிர்ச் சிநேகிதன்.

அண்ணாச்சி = மளிகைக் கடை. ஊர் நியாயம் எல்லாம் இவர் தலையில்.

பொங்கல் ஒருவாறு ஆச்சு. ரேஷன் அரிசி. கல் பொறுக்க ஒரு மணி நேரம். வெல்லத்தைப் பானைக்குக் காட்டிவிட்டு எடுத்த மாதிரிதான் இனிப்பு. முருகன் படத்துக்கு முன்னால் வைத்தபோது வெட்கமாக இருந்தது. மன்னிப்பான்.

சாயங்காலம் ஓடைப் பக்கத்து மைதானத்தில் சடுகுடு. எங்கள் சாலும் தோல் கிடங்குப் பையன்களும். நானும் போனேன். ஐம்பத்து மூணு வயதில் உனக்கு என்ன ஆட்டம் வேண்டிக்கிடக்கு என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். ஊரில் எங்கள் அண்ணன்மார் ஆடும்போது மரத்தில் ஏறிப் பார்த்தவள் நான். பேச்சி மட்டும் எந்த ஆட்டத்துக்கும் வர மாட்டாள். பெற்றவள் கண் படும் என்பாள்.

இசக்கி பாடி வந்தான். அவன் மூச்சு தனி மூச்சு. ஒரே மூச்சில் இந்தச் சாலிலிருந்து அந்தச் சால் வரை பாடுவான். எங்கள் பையன்கள் நாலு பேர் அமுக்கிவிட்டார்கள். சு. மேலே. பாட்டுச் சத்தம் அடங்கியது. ஜெயித்தாச்சு என்று எல்லாரும் கையை எடுத்தார்கள். அவ்வளவுதான், பயல் ஒரு எம்பு எம்பிக் கோட்டைத் தொட்டுவிட்டான். நாலு பேரும் அவுட். ஆட்டமே போச்சு.

பாட்டை விட்டு மூச்சு வாங்கி ஏமாற்றினான் என்று ஒரே கூச்சல். "கள்ளமூச்சு! கள்ளமூச்சு!" விசில் அண்ணாச்சி கையில். அவர் சொன்னார்: "பாட்டு நிக்கல. உதடு ஆடிக்கிட்டுத்தான் இருந்துது. நான் பாத்தேன். உங்கள யாருலே கைய எடுக்கச் சொன்னா?"

பிறகு இசக்கி நம் அறைக்கே வந்து வடை தின்றான். வாய் நிறைய வடை, அதோடு பேச்சு.

"பெரியம்மே, இவனுக்குக் காதுல எண்ணெ விடுங்க. நான் பாடுதது இவனுக்குக் கேக்கல்லியாம்."

"போலே, கள்ளமூச்சுக்காரா."

"அடுத்த ஞாயித்துக்கெழமயும் இதே மாதிரி தொடுதேன் பாரு. நாலு பேரு இல்ல, எட்டு பேரு வந்து அமுக்குங்க."

சு. முகம் கடுகடு. அவனைத் தேற்றுவதற்காக நான் சொன்னேன், "இதுக்கு ஏன்லே மூஞ்சத் தூக்குத? அடுத்த தடவ அவன் செத்தாலும் விடாத."

இசக்கி விழுந்து விழுந்து சிரித்தான். "பெரியம்மயும் கட்சி சேந்தாச்சா!"

ஏழு வடை தின்றான். அவனுக்கு என்று எண்ணிச் சுட்டது போல.

தை 3, செவ்வாய்

குளிர் குறைந்தது. பேச்சியோடு அப்பளம். உளுந்து மாவு சரியில்லை, விரிகிறது. பேச்சி நாள் முழுக்க மகன் கல்யாணப் பேச்சு. மாசியில் ஊருக்குப் போய்ப் பெண் பார்க்கிறாளாம். நீயும் வா என்கிறாள்.

"எனக்கு என்னட்டி வேல அங்கன?"

"நீ பாத்துச் சொன்னா சரியா இருக்கும்க்கா. எனக்குப் பொண்ணப் பாத்தா மூக்கு முழி தெரியும், மனசு தெரியாது."

நீ சொன்னால் சரியாக இருக்கும் என்று என்னிடம் சொல்ல உலகத்தில் ஒருத்தி இருக்கிறாள். போகலாம் என்றுதான் நினைக்கிறேன். திருச்செந்தூரும் பார்த்ததாக ஆகும்.

சு. மில்லிலிருந்து வந்து கோணிச்சாக்கைக் கட்டிப்பிடித்துப் பழகுகிறான். சாக்குதான் இசக்கி. சிரிப்பு வந்தது.

தைப்பூசத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். விரதம் ஆரம்பம். ஒரு வேளைச் சாப்பாடு.

தை 8, ஞாயிறு

வெயில். காற்றே இல்லை.

இசக்கி செத்துப்போனான். ஆட்டத்தில். முருகா.

தை 9, திங்கள்

வெயில். அடுப்புப் பற்ற வைக்கவில்லை. உடம்பை இன்னும் ஆஸ்பத்திரியில் கொடுக்கவில்லை. அறுத்துப் பார்த்த பிறகுதான் கொடுப்பார்களாம்.

எழுதினால் மனசு ஒரு இடத்தில் நிற்கும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இந்த நோட்டை வேறு யாரும் படிக்கப் போவதில்லை.

போன வாரத்தைவிடக் கூட்டம். நான் கோட்டுக்குப் பக்கத்தில், எங்கள் பையன்கள் பக்கம். சொர்ணம் எதிர்ப்பக்கம். (சொர்ணம் எங்கள் சாலில் முதல் அறைக்காரி. வாய்தான் பெரிது, மனசில் ஒன்றும் இல்லை.) ரெண்டு பக்கமும் சமம். கடைசிப் பாட்டு. இசக்கி வந்தான். வரும்போதே என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. பாட்டு நிற்காமலே எப்படித்தான் சிரிப்பானோ.

சு. குறுக்கே பாய்ந்தான். அவன் தோள் இசக்கி மாரில் இடித்தது. பெரிய இடி இல்லை. சத்தியமாக இல்லை. ரயிலில் ஏறும்போது இதைவிட இடிபடுகிறோம். இசக்கி ரெண்டு எட்டு வைத்தான். சடுகுடு சடுகுடு என்று வந்த பாட்டு, சடுகு என்று பாதியில். முழங்கால் மடங்கிக் குப்புற விழுந்தான். மூணு பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள். சு. நாலாவது.

பாட்டுச் சத்தம் இல்லை.

சு. தலையைத் தூக்கினான். கை தளர்ந்ததை நான் பார்த்தேன். ஏதோ சரியில்லை என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அப்போதுதான் நான் கத்தினேன்.

"விடாதலே சுப்பையா! கள்ளமூச்சு! அமுக்குலே, விடாத!"

நான்தான். இந்த வாய்தான். காலையில் முருகா என்று சொன்ன வாய்.

சு. மறுபடி அமுக்கினான். சுற்றி எல்லாரும் என்னென்னவோ கத்தினார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அண்ணாச்சி வந்து மண்ணில் கை ஊன்றிப் படுத்து, இசக்கி வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தார். போன வாரம் உதடு ஆடியதைப் பார்த்தவர் ஆயிற்றே, இந்தத் தடவை காதால் கேட்டுத்தான் சொல்வேன் என்று. கேட்டார். இன்னும் கேட்டார். எழுந்து விசில் ஊதினார்.

"பாட்டு இல்ல. அவுட்டு."

எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

நாலு பேரும் எழுந்தார்கள். அவன் எழவில்லை. நடிக்கிறான் என்று ஒருத்தன் காலால் தட்டினான். "எந்திலே, ஆட்டம் முடிஞ்சிட்டு." சு. புரட்டிப்போட்டான். கண் திறந்திருந்தது. மூக்கில் மண்.

பிறகு தண்ணீர் தெளித்தது, வெங்காயம் முகர வைத்தது, காக்கா வலிப்பு என்று சாவிக்கொத்தைக் கையில் திணித்தது, எல்லாம் செய்தோம். கைவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு வண்டியை உள்ளேயே கொண்டுவர வேண்டாம் என்றுவிட்டாராம்.

பேச்சியிடம் சொன்னது அண்ணாச்சி. அவள் என்ன செய்தாள் என்று நான் பார்க்கவில்லை. மைதானத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

தை 10, செவ்வாய்

மேகம். மத்தியானம் உடம்பு வந்தது. மார்பிலிருந்து கீழே கட்டுப் போட்டு, அதன் மேல் வெள்ளைத் துணி. குளிப்பாட்ட விடவில்லை. தையல் பிரியுமாம். பேச்சி கால் விரல்களை மட்டும் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். நகத்துக்கு அடியில் இருந்த மண்ணை ஊக்கால் எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை.

நான் அழுதேன். எல்லாரையும்விடச் சத்தமாக அழுதேனாம், சொர்ணம் சொன்னாள். "பெத்தவளே இப்படி அழல்ல, நீ ஏன்க்கா தலையில அடிச்சுக்கிடுத?"

சுடுகாட்டுக்கு ஆண்கள் போனார்கள். சு. தூரத்தில் நடந்து போனான். பாடை தூக்க அவன் தோள் கொடுக்கவில்லை. அந்தத் தோள்தானே.

வந்ததும் வாசலில் போலீஸ் ஹவில்தார். சு.வை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் எழுதி வாங்கினார்கள். அண்ணாச்சி கூடப் போனார். நாளைப் புதன் அல்ல, அடுத்த புதன் கோர்ட். சாவை விசாரிக்கிற கோர்ட் தனியாக இருக்கிறதாம் கோட்டைப் பக்கம். அங்கே கொலை என்று சொல்லிவிட்டால் அப்படியே ஜெயில்.

இந்த ரெண்டு நாளில் சு. தின்றது: டீ மூன்று, பாவ் ரொட்டி ஒன்று.

தை 12, வியாழன்

குழாயடியில் சண்டை. காரணம் இது. பாட்டு நின்ற பிறகும் விடாதே என்று ஒரு பொம்பளைக் குரல் கேட்டது என்று தோல் கிடங்குப் பையன்கள் சொல்லியிருக்கிறார்கள். பொம்பளைக் குரல் என்றால் யார்? சொர்ணம்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவள் வாய் அப்படி. குடத்தை வரிசையிலிருந்து தூக்கித் தள்ளி வைத்துவிட்டார்கள்.

"ஏளா, ஒரு உயிரக் குடிச்சிட்டுத் தண்ணி வேற குடிக்க வந்துட்டியோ?"

"நானா? நான் எங்கட்டி கத்துனேன்? என் கொரல் மூக்காலல்லா வரும்! கேளுங்கட்டி, இந்தா கத்துதேன், கேளுங்க!"

ரெண்டு மூணு பேர் சிரித்தார்கள்கூட. சொர்ணம் குடத்தை எடுத்துக்கொண்டு வெறுங்குடத்தோடு போனாள். என் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. நான் என்று ஒருத்தருக்கும் தோன்றாது. நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம், வாரத்தில் மூணு நாள் விரதம்.

வீட்டுக்கு வந்து சு.விடம் சொன்னேன். கோர்ட்டில் நான் எழுந்து சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"அத்தே, நீங்க அன்னிக்கு மைதானத்துக்கே வரல. அவ்வளவுதான்."

"எல்லாரும் பாத்திருக்காங்களேலே."

"நின்னீங்க. ஒண்ணும் பேசல்ல. எனக்கு ஒண்ணும் கேக்கல்ல."

"உனக்குக் கேட்டுதா இல்லியா? அதச் சொல்லு."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கேட்டுது. சின்னப் புள்ளயிலேருந்து கேக்குத கொரல், தெரியாதா? நீங்க சொல்லாட்டியும் நான் விட்டிருக்க மாட்டேன். விட்ருங்க இத."

பொய். அவன் கை தளர்ந்ததை நான் பார்த்தேனே.

தை 15, ஞாயிறு. தைப்பூசம்

வெயில் பிரகாசமாக. பால் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ஒவ்வொரு வருஷமும் சு. பேரில்தான் பால். இந்த வருஷமும் பேர், நட்சத்திரம் எல்லாம் சொன்னேன். குருக்கள் பாலை வாங்கி ஊற்றினார். நான் கண்ணை மூடவில்லை. மூடினால் மூக்கில் மண் தெரிகிறது.

முருகனிடம் என்ன கேட்பது? சு.வைக் காப்பாற்று என்று கேட்டேன். இன்னொன்றும் கேட்டேன், என்னைச் சொல்ல வைக்காதே என்று. இதை எழுதக் கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

வெளியே வந்தால் செருப்பு விடுகிற இடத்தில் சொர்ணம் காத்திருக்கிறாள்.

"யக்கா, நீ சாமி கும்பிடுதவ. நீ சொன்னா நம்புவாங்க. நான் எதிர்ப்பக்கம் நின்னேன்னு நீ பாத்தேல்லா? அங்கன இருந்து நான் கத்தலன்னு ஒரு வார்த்த சொல்லுக்கா. என் மருமவ தோல் கெடங்கு ஆளுவ வீட்டுப் பொண்ணு. என்கூடப் பேசமாட்டேங்கா."

"நான் ஆட்டத்தப் பாத்துட்டு நின்னேன் சொர்ணம். யாரு எங்கன நின்னாங்கன்னு கவனிக்கல."

கோயில் வாசலில், கையில் விபூதிப் பொட்டலத்தோடு சொன்னேன்.

அவள் சரிக்கா என்று போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

தை 17, செவ்வாய்

பேச்சி வீட்டுக்குத் தினம் கஞ்சி கொண்டுபோகிறேன். இன்றைக்கு இப்படிச் சொன்னாள்.

"நாளைக்குக் கோர்ட்டுக்கு நீயும் வரணும்க்கா. எனக்கு அங்கன பேச்சும் புரியாது, ஒண்ணும் புரியாது. நீ பக்கத்துல உக்காந்தா தைரியமா இருக்கும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

சு.வைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாள். "சாப்பிடுதானா?" இல்லை என்றேன். "சாப்பிடச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான்.

தை 18, புதன்

கோர்ட். தாதர் வரை நடை, பிறகு டிராம். பேச்சி இதுவரை டிராமில் ஏறினதில்லை. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

உயரமான கூரை, காற்றாடி, பெஞ்சு. துரை இல்லை, நம் ஊர்க்காரர் மாதிரி ஒரு பெரியவர் மேஜைக்குப் பின்னால். ஒரு பக்கம் ஜூரிகள். இங்கிலீஷில் கேட்டார்கள். ஒரு துபாஷி தமிழில் சொன்னார், வார்த்தை வார்த்தையாகப் புத்தகத்தமிழ்.

முதலில் டாக்டர். துபாஷி சொன்னது என் காதில் விழுந்தபடி: "மார்பெலும்பு முறியவில்லை. விலா முறியவில்லை. நுரையீரலில் காயம் இல்லை. கழுத்தை நெரித்த அடையாளம் இல்லை. இருதயம் பார்வைக்கு நல்ல இருதயம். வியாதி இல்லை. நின்றுவிட்டது. மார்பில் பட்ட அடியினால் அந்த க்ஷணமே நின்றிருக்கலாம். இப்படி அபூர்வமாக நடப்பதுண்டு. மேலே படுத்து அழுத்தியதால் மூச்சு முட்டி நின்றதா என்று உறுதியாகச் சொல்ல இயலாது."

நல்ல இருதயம் என்றதும் பேச்சி என் கையை அழுத்தினாள். மகனைப் புகழ்ந்தார்கள் என்று நினைத்தாளோ என்னவோ.

அடுத்து அண்ணாச்சி. காது வைத்துக் கேட்டதைச் சொன்னார். பெரியவர் கேட்டார், மூச்சு இருக்கிறதா என்று பார்த்தீரா என்று. "பாட்டு இருக்கான்னுதான் பாத்தேன் எஜமான்" என்றார் அண்ணாச்சி. கடைக்காரர், நாலு பேருக்கு நியாயம் சொல்கிறவர், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினார்.

பிறகு சு.

"சத்தம் நின்ற பிறகும் ஏன் விடவில்லை?"

"போன வாரமும் நின்னுது. விட்டோம். கோட்டத் தொட்டுட்டான். அதே மாதிரின்னு நெனச்சேன்."

"உங்களுக்குள் விரோதம் உண்டா?"

"அவன் என் சேக்காளி."

துபாஷிக்குச் சேக்காளி புரியவில்லை. அண்ணாச்சி எழுந்து சிநேகிதன் என்று சொன்னார்.

"விடாதே என்று யாராவது உன்னிடம் சொன்னார்களா? ஒரு ஸ்திரீயின் குரல் கேட்டதாகச் சாட்சி இருக்கிறது."

சு. பேச்சியைப் பார்த்தான். பக்கத்தில் நான். என்னைப் பார்க்கவில்லை.

"யாரும் சொல்லல்ல. நானாத்தான்."

எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். பேச்சி என் கையைப் பிடித்திருந்தாள். அவள் பிடித்திருந்ததால்தான் எழவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் பிடி அவ்வளவு இறுக்கமில்லை.

ஜூரி வெளியே போய் டீ குடிக்கிற நேரத்துக்குள் திரும்பி வந்தார்கள். விளையாட்டில் நேர்ந்த விபத்து. யார் மேலும் குற்றம் இல்லை.

வாசலில் சு. பேச்சி காலில் விழுந்தான். அவள் அவன் தலையைத் தொட்டாள். "போ, வேலைக்குப் போ. எத்தன நாள் இப்படி இருப்ப?"

டிராமில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பத்து நாளாகத் தூங்கவில்லையாம். அவள் தலை ஆடாமல் இருக்க அசையாமல் உட்கார்ந்து வந்தேன்.

தை 19, வியாழன்

மேகம் இல்லை. ஒன்றும் இல்லை.

சு. மில்லுக்குப் போனான். எல்லாம் முடிந்தது என்கிறான். "இனி வாயத் தொறந்தா யாருக்கு அத்தே லாபம்? அவ மனசு இப்பத்தான் கொஞ்சம் ஆறுது."

அவன் சொல்வதும் நியாயம்தான். பேச்சி மனசு ஆறட்டும் என்று இருந்துவிடலாம். ஆறு மாதம் போனால் குழாயடியில் வேறு பேச்சு வரும். சொர்ணத்தைத் தண்ணீர் பிடிக்க விடுவார்கள்.

ஆனால் இன்றைக்கு அப்பளம் இட உட்கார்ந்தபோது பேச்சி சொன்னாள், "அந்தச் சொர்ணம் மூஞ்சில முழிக்கப்படாது. அவ நாக்கு அழுகிப் போகும். பாரு." சொல்லிவிட்டு மாவை என் பக்கம் நகர்த்தினாள். என் நாக்கைத்தான் சொல்கிறாள். சொல்கிறது யாரை என்று தெரியாமலே சொல்கிறாள்.

திங்கட்கிழமை பதினாறாம் நாள். விசேஷத்துக்கு யார் சமைப்பது என்று கேட்டார்கள். நான்தானாம். பேச்சியே சொல்லியிருக்கிறாள்.

தை 20, வெள்ளி

நல்ல வெயில். சு. மில்லுக்குப் போன பிறகு பேச்சி வீட்டுக்குப் போனேன். கஞ்சி கொண்டுபோகவில்லை. வெறுங்கை.

முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை.

"பேச்சி, அன்னிக்கு விடாதன்னு கத்துனது சொர்ணம் இல்ல."

"பெறவு யாரு?"

"நான்."

அவள் கை அரிசியில் போய்க்கொண்டே இருந்தது. ஒரு கல்லை எடுத்துப் போட்டாள். இன்னொன்று. பிறகு முறத்தைக் கீழே வைத்தாள்.

அடிப்பாள் என்று நினைத்தேன். வெளியே போ என்பாள் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் தயாராகத்தான் போனேன்.

"எங்கன நின்ன?"

"கோட்டுக்குப் பக்கத்துல."

"அவனுக்கும் உனக்கும் எத்தன எட்டு?"

"பத்து இருக்கும்."

"அப்பக் கேட்டிருக்கும்."

"டாக்டர் சொன்னாருல்லா பேச்சி, இடிச்ச அப்பவே..."

"இருக்கலாம்னாரு. நானும் அங்கனதான உக்காந்திருந்தேன்." சத்தம் போடவில்லை. அப்பளத்துக்கு உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள். "எப்படிக் கத்துன?"

"விடாத, கள்ளமூச்சுன்னு."

"அப்படியா கத்துன? இப்பப் பேசுதியே, இந்தக் கொரலா? இது பத்து எட்டுக்குக் கேக்குமா?"

நான் குனிந்து முறத்தைப் பார்த்தேன்.

"கத்து."

"பேச்சி."

"எம்புள்ள காதுல கடைசியா விழுந்தது அதுதான். எனக்குத் தெரிய வேண்டாமா அது எப்படி இருந்துதுன்னு? அன்னிக்குக் கத்துன மாதிரியே கத்து. கொறைக்காத."

கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரமானாலும் பார்த்துக்கொண்டே இருப்பாள் என்று தெரிந்தது.

கத்தினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, வயிற்றிலிருந்து, மைதானத்தில் கத்தின மாதிரியே. விடாதலே சுப்பையா. கள்ளமூச்சு. அமுக்குலே, விடாத. அந்தச் சின்ன அறையில் அது எப்படி இருந்தது என்று எழுத வராது. பாத்திரம் அதிர்ந்தது. வெளியே பேச்சுச் சத்தமெல்லாம் நின்றது. கதவைத் தள்ளிக்கொண்டு யார் யாரோ வந்து நின்றார்கள். முன்னால் சொர்ணம், கை ஈரத்தோடு. குழாயடியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அவளுக்குப் பின்னால். குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது.

பேச்சி அவர்களைத் திரும்பியே பார்க்கவில்லை. கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்க" என்றாள்.